அந்தத் திரையில் எரிந்தது பச்சையா, சிவப்பா?

2021 ஜனவரி 12ஆம் திகதி அடோபி நிறுவனத்தின் ஃப்ளாஷ் பிளேயர் உலகம் முழுக்க ஒரேயடியாக நின்றுபோனது. அது தானாகப் பழுதாகி நிற்கவில்லை. இந்தத் திகதிக்குப் பிறகு எதையும் ஓட்டக்கூடாது என்ற கட்டளையை அடோபியே முன்கூட்டி மென்பொருளுக்குள் எழுதி வைத்திருந்தது. அன்றைக்கு ஃப்ளாஷ் பக்கம் ஒன்றைத் திறந்தவர்களுக்குப் படம் வரவேண்டிய இடத்தில் வெறும் பெட்டிதான் தெரிந்தது.

எங்கட வயசுக்காரருக்கு ஃப்ளாஷ் என்றால் விளையாட்டு. நெட் கஃபேயில் மணித்தியாலக் காசு கொடுத்து விளையாடினவர்கள், ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்தினவர்கள் எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கும். அந்த ஃபார்ம்வில்லும் ஃப்ளாஷில்தான் ஓடியது. 2020 டிசம்பர் 31ஆம் திகதியோடு அதையும் மூடினார்கள். அதற்கெல்லாம் அஞ்சலிப் பதிவுகள் வந்தன. வரத்தான் வேணும்.

ஆனால் அதே நாளில் செத்துப்போன இன்னொரு சாமான் இருக்கு. அதைப் பற்றி ஒருத்தரும் அழுததாக நாங்கள் காணவில்லை. கம்பனிகளின் மேலதிகாரிகள் காலையில் வந்து கதிரையில் இருந்ததும் முதலில் திறந்து பார்த்த திரைகள்தான் அது. வேகமானி மாதிரி முள் ஆடும் வட்டங்கள், போக்குவரத்து விளக்கு மாதிரிப் பச்சை, மஞ்சள், சிவப்புப் புள்ளிகள், இழுத்தால் எண்கள் மாறும் ஸ்லைடர்கள். இதுக்கு டாஷ்போர்ட் என்று பேர். அந்தக் காலத்து டாஷ்போர்ட்களில் ஒரு பெரிய பங்கை ஆக்கித் தந்த மென்பொருளின் பெயர் எக்செல்சியஸ். அதுவும் ஃப்ளாஷில்தான் ஓடியது.

'வரலாறு படிக்கிற உங்களுக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்பீர்கள். ஒரு கம்பனி மென்பொருள் ஓய்வுபெற்றது எப்படி வரலாறாகும் என்று எங்கட குழுவுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். எங்கட பதில் இதுதான்: ஒரு முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்று தேடுகிறவருக்கு, முடிவெடுத்தவர் எந்த எண்ணைக் கையில் வைத்திருந்தார் என்பது மட்டும் போதாது. அந்த எண் அவருக்கு எப்படிக் காட்டப்பட்டது என்பதும் வேணும். எக்செல்சியஸ் போனபோது எண்கள் பெரும்பாலும் தப்பின. காட்டப்பட்ட விதம்தான் போய்விட்டது.

டாஷ்போர்ட் என்ற சொல்லைத் தெரியாதவர்கள்கூட 2020இல் ஒரு டாஷ்போர்டைப் பார்த்திருப்பார்கள். கறுப்பு உலகப்படத்தில் சிவப்பு வட்டங்கள் வீங்கிக்கொண்டே போன ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் கொவிட் பக்கத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். அதே எண்களை ஒரு வெள்ளைத் தாளில் அட்டவணையாய்ப் போட்டிருந்தால் அந்தப் பயம் அதே அளவில் வந்திருக்குமா? அந்தச் சிவப்பும் அந்தக் கறுப்பும் யாரோ தெரிவு செய்தவை. எண்ணோடு சேர்ந்து ஒரு பார்வையும் எங்களிடம் வந்து சேர்ந்தது.

சொல்லின் பூர்வீகம் இன்னும் பழசு. குதிரை வண்டியில் குதிரையின் குளம்பு அள்ளி எறியும் சேறு வண்டிக்காரர் மேல் படாமல் முன்னால் அடித்து வைத்த பலகைதான் முதல் டாஷ்போர்ட். பிறகு அது காருக்குப் போய் மானிகள் பதிக்கும் இடமானது. அங்கிருந்து அலுவலகத்துக்கு வந்தது. சேற்றை மறைக்க வைத்த பலகை, நிலைமையைக் காட்டுகிற பலகையாக மாறியது ஒரு வேடிக்கைதான்.

அலுவலகத்துக்கு வரமுதல் அது ஓர் அரசாங்கத்திடம் போயிருந்தது. 1971இல் சிலியில் சல்வடோர் அலெண்டேயின் சோசலிச அரசு, தேசியமயமாக்கிய தொழிற்சாலைகளை எப்படி நிர்வகிப்பது என்ற கேள்வியோடு பிரித்தானியரான ஸ்டாஃபர்ட் பீரை அழைத்தது. அப்படிப் பிறந்ததுதான் சைபர்சின் திட்டம். தொழிற்சாலைகளிலிருந்து டெலெக்ஸ் வழியாக எண்கள் தலைநகர் சந்தியாகோவுக்கு வரும். அங்கே ஓர் அறை. ஏழு சுழல் கதிரைகள். ஒவ்வொரு கதிரையின் கைப்பிடியிலும் பொத்தான்கள். சுவர்களில் திரைகள். தட்டச்சுப் பலகை இருந்தால் அதிகாரிகள் அதைத் தொடத் தயங்குவார்கள், அல்லது நடுவில் ஒரு தட்டச்சாளர் வந்து குந்திவிடுவார் என்று பீர் அதை வேண்டாம் என்றார். பார்க்க எதிர்காலப் படம் மாதிரி இருந்தாலும், திரையில் விழுந்த வரைபடங்களில் கனக்க வடிவமைப்பாளர்கள் கையால் வரைந்து ஸ்லைட் ஆக்கியவை. அந்தக் கைகள் பெண்களுடையவை என்பதையும் சொல்லாமல் போகக்கூடாது.

அந்த அறை அன்றாடப் பாவனைக்கு முழுமையாக வரமுதலே 1973 செப்டெம்பர் 11ஆம் திகதி இராணுவச் சதிப்புரட்சி நடந்தது. அறையை அழித்தார்கள். ஆனாலும் இன்றைக்கு அந்த அறையில் கதிரை எத்தனை, பொத்தான் எங்கே இருந்தது என்று எங்களால் சொல்ல முடிகிறது. புகைப்படங்கள் இருந்தன, வரைபடங்கள் இருந்தன, வேலை செய்தவர்கள் பிறகு கதைத்தார்கள், ஈடன் மெடினா என்ற வரலாற்றாசிரியர் அவற்றைத் தேடித்தேடி 2011இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். துவக்கோடு வந்து அழித்த டாஷ்போர்ட் ஒன்றைப் பற்றி எங்களுக்கு இவ்வளவு தெரியும். ஒருத்தரும் கோபப்படாமல், ஒரு மின்னஞ்சல் அறிவித்தலோடு மூடப்பட்ட ஆயிரக்கணக்கான டாஷ்போர்ட்களைப் பற்றி எவ்வளவு தெரியும்?

சிலிக்குப் பிறகான கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1979இல் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோன் ரொக்கார்ட், தலைமை அதிகாரிகள் தங்களுக்கு எந்தெந்த எண்கள் வேணும் என்பதைத் தாங்களே தெரிவு செய்யவேணும் என்று எழுதினார். எண்பதுகளில் அதற்கென்றே விலை உயர்ந்த கணினி அமைப்புகள் வந்தன. அவை பெரிய கம்பனியின் மேல் மாடிக்கு மட்டும். 1992இல் கப்லனும் நோர்ட்டனும் 'சமநிலை மதிப்பெண் அட்டை' என்ற யோசனையோடு வந்தார்கள்: இலாபம் ஒன்றை மட்டும் பார்க்காதே, வாடிக்கையாளர், உள்வேலை, கற்றல் எல்லாவற்றுக்கும் அளவுகோல் வை என்று. யோசனை பரவிய வேகத்துக்குக் கருவி பரவவில்லை. கீழ் மாடியில் இருந்தவரிடம் எக்செல் மட்டும்தான் இருந்தது.

எக்செல்சியஸ் சரியாக அந்த இடத்தில்தான் வந்து நின்றது. சாண்டியாகோ பெசெரா தொடங்கிய இன்ஃபொமேர்ஷன் என்ற சின்ன அமெரிக்கக் கம்பனியின் தயாரிப்பு அது. பெயரிலேயே எக்செல் ஒளிந்திருக்கு. அதன் உள்ளே ஒரு விரிதாள் இருக்கும், ஓ.எல். தகவல் தொழில்நுட்பப் புத்தகத்தில் படித்த அதே நிரை, நிரல், கலம். பக்கத்தில் வெறும் மேடை ஒன்று. அந்த மேடைக்கு ஒரு வேகமானியை இழுத்து வந்து வைத்து, 'உன்ர முள் பி4 கலத்தைப் பார்க்கட்டும்' என்று சொன்னால் போதும். கலத்தில் எண் மாறினால் முள் ஆடும். ஒரு ஸ்லைடரை இன்னொரு கலத்தோடு கட்டினால், விலையை அஞ்சு வீதம் கூட்டினால் இலாபம் என்னவாகும் என்று இழுத்து இழுத்துப் பார்க்கலாம். நிரலாக்கம் தெரியத் தேவையில்லை. முடித்த பிறகு அதை ஃப்ளாஷ் கோப்பாக வெளியே எடுத்து பவர்பொயின்ட்டுக்குள்ளோ பிடிஎஃப்புக்குள்ளோ சொருகலாம். கூட்டத்தின் நடுவில் பவர்பொயின்ட் பக்கம் உயிரோடு அசைந்தால் எந்த முதலாளிக்குத்தான் பிடிக்காது?

கணக்குப் பகுதியில் இருந்த ஒரு சாதாரண உத்தியோகத்தர், தகவல் தொழில்நுட்பப் பிரிவின் காலில் விழாமல், தானே ஒரு திரையை ஆக்கி மேலிடத்துக்குக் காட்ட முடிந்தது. இதை நாங்கள் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. எது முக்கியம், எந்த எண்ணுக்குக் கீழே போனால் சிவப்பு எரியவேணும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. பார்க்கிறவருக்கு அது தெரியாது. அவர் சிவப்பைத்தான் பார்ப்பார். சிவப்பின் எல்லைக்கோட்டை யார் போட்டது என்று கேட்கமாட்டார்.

2005இல் பிஸ்னஸ் ஒப்ஜெக்ட்ஸ் என்ற பிரெஞ்சுப் பூர்வீகக் கம்பனி இன்ஃபொமேர்ஷனை வாங்கியது. அதே வருசம்தான் அடோபி 340 கோடி டொலர் அளவில் மக்ரோமீடியாவை வாங்கி ஃப்ளாஷின் சொந்தக்காரரானது. 2007இல் பெரிய மீன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன: ஒராக்கிள் ஹைபீரியனை வாங்கியது, ஐபிஎம் கொக்னோஸை வாங்குவதாக அறிவித்தது, ஜேர்மனியின் எஸ்.ஏ.பி. 480 கோடி யூரோவுக்குப் பிஸ்னஸ் ஒப்ஜெக்ட்ஸை வாங்க முன்வந்தது. எக்செல்சியஸின் பெயரும் மாறி மாறிப் போனது. கிரிஸ்டல் எக்செல்சியஸ், எக்செல்சியஸ் 2008, கடைசியில் 'எஸ்.ஏ.பி. பிஸ்னஸ் ஒப்ஜெக்ட்ஸ் டாஷ்போர்ட்ஸ்' என்று ஒரு நீட்டுப் பெயர். பாவித்தவர்கள் கடைசி மட்டும் எக்செல்சியஸ் என்றுதான் சொன்னார்கள். தெருவுக்குப் பெயர் மாத்தினாலும் ஆட்கள் பழைய பெயரையே சொல்வது போலத்தான்.

எல்லாரும் கைதட்டவில்லை. ஸ்டீபன் ஃபியூ என்ற வடிவமைப்பு விமர்சகர் 2006இல் டாஷ்போர்ட் வடிவமைப்பைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, இந்த வேகமானி மோகத்தைப் போட்டுக் கிழித்தார். ஒரு வட்ட மானி அத்தனை இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு எண்ணைத்தான் சொல்கிறது; போன மாதம் எப்படி, அதற்கு முந்தின மாதம் எப்படி என்று ஒன்றும் தெரியாது; மினுக்கம் கூட, விசயம் குறைவு. அதுக்குப் பதிலாக நேர்கோட்டில் அமையும் ஒரு சிக்கனமான வரைபடத்தையும் அவர் வடிவமைத்துத் தந்தார். அவர் சொன்னது சரி என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். ஆனால் கெட்ட வடிவமைப்பும் ஒரு சான்றுதான். ஒரு கம்பனி ஒரு வருசத்தை முழுக்க ஒரே ஒரு முள்ளாகப் பார்த்தது என்றால், அந்தக் கம்பனியைப் பற்றி அறிய வேண்டிய முக்கியமான தகவல் அதுதானே.

இனி ஃப்ளாஷின் கதை. ஜொனதன் கேயும் அவருடைய சின்னக் கம்பனியும் செய்த ஓர் அனிமேஷன் மென்பொருளை 1996 கடைசியில் மக்ரோமீடியா வாங்கி ஃப்ளாஷ் என்று பெயர் வைத்தது. 2005இல் யூடியூப் தொடங்கியபோது வீடியோ ஓடியது ஃப்ளாஷில். இணையத்தில் அசைகிற எல்லாமே ஃப்ளாஷ் என்றிருந்த காலம் அது. அதை நம்பித்தான் எக்செல்சியஸ் தன்னுடைய மொத்த உயிரையும் அதில் கட்டியது. அந்த நேரத்தில் அது பிழையான முடிவு என்று சொல்லவே ஏலாது.

2007இல் வந்த ஐபோன் ஃப்ளாஷை ஏற்கவில்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜொப்ஸ் பகிரங்கமாக ஒரு நீண்ட கடிதம் எழுதி, ஏன் ஏற்கமாட்டோம் என்று காரணங்களை அடுக்கினார்: பாதுகாப்பு ஓட்டைகள், பற்றரியைக் குடிக்கிறது, ஒரே கம்பனியின் கையில் இருக்கிறது. (கடைசிக் காரணத்தை அப்பிள் சொன்னதை எண்ணிச் சிரிக்கலாம்.) அடுத்த வருசமே கைபேசிக்கான ஃப்ளாஷை அடோபி கைவிட்டது. மேலதிகாரிகள் ஐபாட்டோடு கூட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். அந்த ஐபாட்டில் அவர்களுடைய சொந்த டாஷ்போர்ட் திறபடவில்லை. எஸ்.ஏ.பி. ஃப்ளாஷ் இல்லாமல் கைபேசியில் ஓடும் ஒரு வழியைச் சேர்த்தது. ஆனால் எல்லா உறுப்புகளும் அதில் வேலை செய்யவில்லை. ஸ்லைடர் வந்தால் படம் வராது, படம் வந்தால் நிறம் வராது என்கிற மாதிரி ஒரு அரைகுறை.

2017 ஜூலை 25ஆம் திகதி அடோபி தீர்ப்பை வாசித்தது. 2020 முடிவோடு ஃப்ளாஷ் இல்லை. அப்பிள், கூகுள், மைக்ரோசொப்ட், ஃபேஸ்புக், மொசில்லா எல்லாம் கூடவே நின்றன. மூன்றரை வருச அவகாசம். எஸ்.ஏ.பி.யும் தன்னுடைய வாடிக்கையாளர்களை லுமிரா, பிறகு அனலிட்டிக்ஸ் கிளவுட் என்று வேறு கருவிகளுக்குப் போகச் சொன்னது. பழைய டாஷ்போர்ட்டைக் கொடுத்தால் புதியதாக மாற்றித் தரும் மந்திரப் பொத்தான் ஒன்றும் இருக்கவில்லை. திரும்பவும் முதலிலிருந்து கட்டவேணும்.

இந்த வேலைக்கு தொழில்நுட்பக்காரர் வைத்த பெயர் மைக்ரேஷன். தமிழில் போட்டால் இடப்பெயர்வு. எங்கட ஆக்களுக்கு இந்தச் சொல் வேற மாதிரித்தான் கேட்கும், தெரியும். இருந்தாலும் சொல் பொருந்துகிறது, ஏனென்றால் முதல் கேள்வி அதேதான்: எதை எடுத்துக்கொண்டு போறது, எதை விட்டிட்டுப் போறது. இப்படியான வேலைகளில் வழமையாக முதலில் ஒரு பட்டியல் போடுவார்கள். எத்தனை டாஷ்போர்ட் இருக்கு, யார் ஆக்கினது, கடைசியாக எப்ப திறந்தது. கனகாலம் திறக்காதவை பட்டியலிலிருந்து வெட்டப்படும். அடுத்ததாக, ஆக்கினவர் வேலையை விட்டுப் போயிருந்தால், உள்ளே இருக்கும் கணக்கு ஒருத்தருக்கும் விளங்காது; அதுவும் வெட்டு. மிச்சமிருப்பவற்றில் மேலிடம் 'எனக்கு வேணும்' என்று சொன்னவை புதிதாகக் கட்டப்படும். நிர்வாகத்துக்கு இது முழுக்க நியாயமான ஒழுங்கு. வரலாற்றுக்கு இது தலைகீழ் ஒழுங்கு. கைவிடப்பட்ட திட்டம், தோற்றுப்போன பிரிவு, மூடப்பட்ட கிளை, இவற்றின் திரைகளைத்தான் ஒருத்தரும் திறந்திருக்கமாட்டார்கள். எங்களுக்கு வேண்டியது அவைதான்.

மூன்றரை வருசம் போதாதவர்களும் இருந்தார்கள். தென்னாபிரிக்காவின் வருமான வரித் திணைக்களத்தின் ஒன்லைன் படிவங்களில் சில இன்னும் ஃப்ளாஷிலேயே இருந்தன. 2021 ஜனவரி 12இல் அவை நின்றதும், அந்த மாதக் கடைசியில் திணைக்களம் ஒரு முடிவெடுத்தது: ஃப்ளாஷ் ஓடுகிற ஒரு பிரவுசரைத் தானே வெளியிட்டது. வரி கட்டுவதற்கென்றே ஓர் அரசாங்க பிரவுசர்! அதுவும் விண்டோஸ் கணினிக்கு மட்டும். உலகம் முழுக்கச் சிரித்தார்கள். எங்களுக்கு அதில் சிரிப்பைவிட வேறொன்று பட்டது. ஒரு தனியார் கம்பனி திகதி குறித்தால், ஓர் அரசின் வேலையும் அந்தத் திகதியில் நிற்கும்.

நிற்காமல் ஓட ஒரு வழியும் இருந்தது. அதற்குக் காசு வேணும். அடோபி, ஹார்மன் என்ற கம்பனியோடு ஓர் ஒழுங்கு செய்திருந்தது. உள்வேலைகளுக்கு ஃப்ளாஷ் இன்னும் தேவைப்படும் நிறுவனங்கள் ஹார்மனோடு ஒப்பந்தம் போட்டால் 2020க்குப் பிறகும் அதை ஓட்டலாம். சீனாவுக்குத் தனியாக ஒரு ஃப்ளாஷ் பதிப்பும் தொடர்ந்தது. ஆக, ஃப்ளாஷ் எல்லாருக்கும் ஒரே நாளில் சாகவில்லை. காசு உள்ளவருக்கு ஐ.சீ.யு.வில் உயிரோடு இருந்தது.

சரி, எண்கள் தரவுத்தளத்தில் பத்திரமாக இருக்கே, பிறகென்ன என்று கேட்கலாம். 2009 மார்ச் மாத விற்பனை எவ்வளவு என்று இன்றைக்கும் தேடி எடுக்கலாம். ஆனால் அந்த மாதம் அந்த எண் பச்சையாகத் தெரிந்ததா சிவப்பாகத் தெரிந்ததா என்று தரவுத்தளம் சொல்லாது. இலக்கின் தொண்ணூறு வீதத்தைத் தொட்டால் பச்சை என்ற விதி எழுதப்பட்டிருந்தது எக்செல்சியஸ் கோப்புக்குள். எந்த எண் நடுவில் பெரிதாக இருந்தது, எது மூலையில் ஒதுங்கியது, எது திரைக்கே வரவில்லை என்பதும் அதற்குள்தான். அது போதாதென்று, உயிரோடு தரவு இழுக்கும் டாஷ்போர்ட்டில் ஒவ்வொருமுறை புதுப்பிக்கும்போதும் இன்றைய எண் வந்து நேற்றைய எண்ணின் இடத்தில் குந்திக்கொள்ளும். நேற்று மேலதிகாரி பார்த்த காட்சி நேற்றோடு சரி. யாராவது படம் பிடித்திருந்தால் உண்டு.

எங்கட வீடுகளில் இதுக்கு ஓர் அண்ணன் முறை உதாரணம் இருக்கு. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பைத் திறந்து பார்த்திருப்பீர்கள். எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பிக் கிடக்கும். கோப்பு அழியவில்லை, ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை, ஆனால் வாசிக்க முடியாது. பாமினிக்கு மாற்றிகள் வந்தன, ஏனென்றால் அந்தக் கோப்புகள் வேணும் என்று கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

காட்சி பிழைத்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு 1986இல் இருக்கு. ஜனவரி 27ஆம் திகதி இரவு, சலஞ்சர் விண்ணோடத்தின் ரொக்கற் மோட்டர்களைச் செய்த தியகோல் கம்பனியின் பொறியியலாளர்கள் நாளைக்கு ஏவவேண்டாம், குளிர் கூட, இறப்பர் வளையங்கள் தாங்காது என்று நாசாவிடம் சொல்ல முயன்றார்கள். தங்கள் வாதத்தை 13 பக்கங்களில் அட்டவணையும் குறிப்புமாகத் தயாரித்து பக்ஸில் அனுப்பினார்கள். வாதம் எடுபடவில்லை. அடுத்தநாள் காலை சலஞ்சர் ஏவப்பட்டு 73 வினாடிகளில் சிதறியது; ஏழு பேர் இறந்தார்கள். அந்த 13 பக்கங்களும் விசாரணை ஆணைக்குழுவின் கைக்கு வந்தன. அதனால்தான் எட்வர்ட் டஃப்டே 1997இல் அவற்றை எடுத்து வைத்து, வெப்பநிலையையும் சேதத்தையும் ஒரே வரைபடத்தில் காட்டியிருந்தால் ஆபத்து பளிச்சென்று தெரிந்திருக்கும் என்று எழுத முடிந்தது. அதனால்தான் அந்தப் பொறியியலாளர்களில் ஒருவரான ரொஜர் பொய்ஸ்ஜொலியும் வேறு சிலரும், டஃப்டே நாங்கள் சொன்ன வாதத்தையே பிழையாக விளங்கிக்கொண்டார் என்று பதில் எழுத முடிந்தது. டயான் வோன் என்ற சமூகவியலாளர் நிறுவனத்தின் பழக்கங்களுக்குள் காரணத்தைத் தேடினார். யார் சரி என்பது இங்கே எங்கட பிரச்சினையில்லை. சண்டை பிடிக்க 13 தாள்கள் இருந்தன.

எக்செல்சியஸ் தன்னுடைய உச்சத்தில் இருந்தது 2008ஐ ஒட்டிய வருசங்களில். உலக நிதி நெருக்கடியில் கம்பனிகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிய, கிளைகளை மூடிய வருசங்களும் அவைதான். எந்தப் பிரிவை வெட்டுவது என்று ஒரு மேசையைச் சுற்றி இருந்து தீர்மானித்தவர்களுக்கு முன்னால் ஏதோ ஒரு திரை இருந்தது. வேலை இழந்தவரின் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருக்கும். அவருடைய பிரிவைச் சிவப்பாக்கிய விதி இருக்காது.

எங்கட பாடத்தில் இது புதுசில்லை. இலங்கையின் 1911 குடிசனக் கணக்கெடுப்பை வாசிக்கும்போது எண்ணை மட்டுமா பார்க்கிறோம்? இலங்கைத் தமிழர் ஒரு நிரலிலும் இந்தியத் தமிழர் வேறொரு நிரலிலும் அதில்தான் பிரிந்து நிற்கிறார்கள். அந்தக் கோட்டைப் பற்றி எத்தனை கட்டுரை, எத்தனை விவாதம். அட்டவணை அச்சில் அப்படியே இருப்பதால் கோடு எங்கே விழுந்தது என்று விரலை வைத்துக் காட்டலாம். யாரோ பிறகு வந்து எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு நிரல் தலைப்புகளைத் தூக்கி எறிந்திருந்தால் அந்த விவாதங்களில் பாதி பிறந்தேயிராது.

இதெல்லாம் சொல்லி ஃப்ளாஷைத் தூக்கிப் பிடிக்க நாங்கள் வரவில்லை. அதன் பாதுகாப்பு ஓட்டைகள் உண்மையானவை, அதை மூடியது சரி. பழைய கருவி ஒன்றை என்றென்றைக்கும் ஓட்டிக்கொண்டிருக்கவேணும் என்று ஒரு கம்பனியிடம் கேட்கவும் முடியாது. மூடமுதல் ஒவ்வொரு டாஷ்போர்ட்டையும் படம் எடுத்து, நிற விதிகளை ஒரு தாளில் எழுதி, எக்செல்சியஸ் மூலக் கோப்பையும் அதோடு சேர்த்து வைக்க ஒரு கிழமை வேலை போதும். அது ஏன் வழமையாகவில்லை என்பதற்கு சோம்பல் ஒரு காரணம். இன்னொரு காரணம் இருக்கு என்று நாங்கள் நினைக்கிறோம்: உங்களுக்கு அன்றைக்கே சிவப்பு தெரிந்ததே, ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் யாரும் கேட்கக்கூடாது. எண்ணை விளக்கிச் சமாளிக்கலாம். சிவப்பு விளக்கைச் சமாளிக்கிறது கஷ்டம்.

விளையாட்டுகளுக்கு வேற விதி வாய்த்தது. 2018இல் தொடங்கிய ஃப்ளாஷ்பொயின்ட் என்ற தன்னார்வத் திட்டம் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட விளையாட்டுகளையும் அனிமேஷன்களையும் சேகரித்துவிட்டது. இன்ரநெற் ஆர்கைவ் 2020 நவம்பரில் ரஃபிள் என்ற மென்பொருளின் உதவியோடு பழைய ஃப்ளாஷ் ஆக்கங்களைப் பிரவுசரிலேயே ஓட்டிக் காட்டியது. ஹான்ஸ் ரொஸ்லிங் 2006இல் மேடையில் நின்று ஓட்டம் ஓட்டமாக விளக்கிய அந்தக் குமிழி வரைபடமும் ஃப்ளாஷில் பிறந்ததுதான். அவருடைய காப்மைண்டர் அமைப்பு அதைப் புதிய தொழில்நுட்பத்தில் திரும்பக் கட்டியது, இன்றைக்கும் திறந்து பார்க்கலாம். இவையெல்லாம் வெளியில் இருந்தன, விரும்புவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அலுவலக டாஷ்போர்ட் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருந்தது. அதைச் சேகரிக்கப் போனால் திருட்டு.

இன்றைக்கு எக்செல்சியஸ் டாஷ்போர்ட் ஒன்று எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்பட்டால், அதைக் கற்றுத்தர அச்சான கையேடுகளில் பார்க்கலாம். 'ஃபோர் டமிஸ்' வரிசையில்கூட ஒன்று வந்தது. பக்கத்துக்குப் பக்கம் மானிகள், ஸ்லைடர்கள், விளக்குகள், எல்லாம் தெளிவாக இருக்கு. அவற்றில் இருப்பவை பாடத்துக்காகச் சோடித்த மாதிரி எண்கள். அங்கே சிவப்பு எரிந்து எந்தக் கிளையும் மூடப்படவில்லை, ஒருத்தரும் வேலை இழக்கவுமில்லை.